பட்டியலில் இல்லாத வீடுகள்

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. இதற்காக நாட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் விரலையும் யாரும் குத்திப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 7.24 லட்சம் பெண்களைப் பேட்டி கண்டு, சம்மதித்தவர்களிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அவ்வளவு பேரை வைத்து எல்லோரையும் பற்றிப் பேச முடியுமா? முடியும். ஆனால் அந்தப் பெண்கள் யார் என்பதை, ஆய்வுக்குப் போனவர் தன் வசதிக்கேற்ப முடிவு செய்திருக்கக் கூடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஊர்களையும் நகரப் பகுதிகளையும் முதலில் எடுக்கிறார்கள். ஒரு குழு அங்கே போய், தெருத் தெருவாக நடந்து, வரைபடம் போட்டு, வீடு விடாமல் எழுதி வருகிறது. அதிலிருந்து சம இடைவெளி விட்டு 22 வீடுகளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பேட்டி எடுப்பவர்கள் கிளம்புகிறார்கள். அந்த 22 வீடுகளைத் தவிர வேறெங்கும் அவர்கள் கேட்கக் கூடாது. வீடு பூட்டியிருந்தால் மாலையில் போக வேண்டும், மறுநாள் போக வேண்டும். “பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதே, அங்கே எழுதிக்கொள்ளுங்களேன்” என்று ஊர்க்காரர்கள் அன்போடு சொல்வார்கள். கேட்கவே கூடாத யோசனை அது. பகல் பதினொரு மணிக்குப் பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் கூலிவேலைக்குப் போனவரின் வீடு. அவருக்குப் பதிலாக வீட்டில் இருப்பவரை எழுதிக்கொண்டே போனால், ஊரின் உடல்நலம் தாளில் மட்டும் தேறிவிடும்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் இதில் சேராதவர்கள் உண்டு. இது குடும்பங்களை எண்ணுகிற ஆய்வு. நடைபாதையில் படுப்பவர்களும் விடுதி, சிறை, காப்பகங்களில் இருப்பவர்களும் கணக்கில் வருவதில்லை. செங்கல் சூளைக்கு ஆறு மாதம் போய்விட்ட குடும்பம் சொந்த ஊரிலும் இருக்காது, அது வருவதற்கு முன்பே எழுதி முடித்த சூளை ஊரின் பட்டியலிலும் இருக்காது. எட்ட முடியாத மக்கள் என்றதும் மலை உச்சியை நினைக்கிறோம். மலைக்கு வழி கேட்டுப் போய்விடலாம். பட்டியலிலேயே இல்லாதவரை எங்கே போய்த் தேடுவது?

போலியோ ஒழிப்பில் இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுத்தான் கற்றார்கள். குடிசைப் பகுதி, கட்டட வேலை நடக்கும் இடம், செங்கல் சூளை, நாடோடிக் கூடாரம் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். குழந்தை விடுபட்ட வீட்டின் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுத் திரும்பப் போனார்கள். இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார்.

பட்டியலே போடாமல் வேலையை முடிக்கும் குறுக்குவழி ஒன்றும் இருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தடுப்பூசி ஆய்வுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் பரப்பியது அது. 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள். ஊர் நடுவில் நின்று ஒரு பாட்டிலைச் சுழற்றிவிட வேண்டும். அது காட்டும் திசையில் ஒரு வீட்டைக் குலுக்கலில் எடுத்து, அங்கிருந்து அடுத்தடுத்த வீடுகளில் ஏழு குழந்தைகள் கிடைக்கும்வரை போக வேண்டும். செலவு குறைவு, வேலை விரைவு. பல நாடுகளுக்கு இதுவே பேருதவியாக இருந்தது. ஆனால் நடு ஊர் எது என்று யார் சொல்வது? நம் ஊர்களில் கோயில் தெருவில் நின்று பாட்டிலைச் சுழற்றினால், வயலுக்கு அப்பால் இருக்கும் காலனிக்கு அது போய்ச் சேருமா? 2018இல் வந்த புதிய கையேட்டில் அந்த நிறுவனமே இதைக் கைவிட்டு, பட்டியலிட்டுக் குலுக்கும் முறைக்கு வந்துவிட்டது.

இன்னொரு சிக்கல் வெறும் கணக்கு. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 சதவீதம். குலுக்கலில் ஆயிரம் பேரை எடுத்தால் பதினொரு பேர் வருவார்கள். மாநிலப் பட்டியலிலோ 37 பழங்குடிச் சமூகங்கள். மலையாளி, இருளர் போன்ற பெரிய சமூகத்தவர் சிலர் வந்துவிடுவார்கள். ஏறத்தாழ 2,000 பேரே உள்ள தோடர்களில் ஒருவரும் வராமல் போகலாம். அப்புறம் ‘பழங்குடியினர்’ என்று ஒரே எண் அச்சாகும். இந்தியாவில் அரிவாள் செல் நோய்க்கூறு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். மாநிலச் சராசரியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே சிறு சமூகங்களிலிருந்து வேண்டுமென்றே கூடுதலானவர்களைத் தேர்ந்தெடுத்து, மாநிலத்துக்குக் கூட்டும்போது கணக்கில் அவர்களுடைய பதிலுக்குத் தரும் எடையைக் குறைக்க வேண்டும்.

தாங்களே மறைந்து வாழ்பவர்களுக்கு இந்த வழிகள் எதுவும் உதவாது. போதை ஊசி போடுபவர்களுக்கு யார் பட்டியல் வைத்திருக்கிறார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் ஒரு வழி சொன்னார். சிலரிடம் பேசி, ஆளுக்கு மூன்று கூப்பன் போலக் கொடுத்து, தெரிந்தவர்களை அனுப்பச் சொல்ல வேண்டும். வருபவருக்கும் அனுப்பியவருக்கும் சிறு தொகை உண்டு. நண்பர்கள் அதிகம் உள்ளவர் வந்து சேரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், ‘உங்களுக்கு இப்படி எத்தனை பேரைத் தெரியும்’ என்று கேட்டு, அதற்கேற்ப அவருடைய எடையைக் குறைப்பார்கள். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

ஆளைக் கண்டுபிடித்தாலும் பேச்சு வர வேண்டுமே. மொழி தெரியாத இடத்தில் ஊர்ப் பையனையே மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொள்வது வழக்கம். கருக்கலைப்பு பற்றி மைத்துனன் முறையுள்ளவன் எதிரில் எந்தப் பெண் பேசுவாள்? தேசிய ஆய்வில் கணவனின் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்கிறார்கள். யாராவது உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

2019–21 ஆய்வில் ரத்தம் கொடுத்தவருக்கு ஹீமோகுளோபின் அளவை அங்கேயே சொல்லிவிட்டார்கள். ரத்தசோகை கடுமையாக இருந்தால் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனவருக்கு மாத்திரை கிடைத்ததா என்பது அடுத்த குழு வரும்போது அந்த ஊர்க் கதவுகள் எப்படித் திறக்கின்றன என்பதில் தெரிந்துவிடும்.