கர்ப்ப காலத்தில் கொரோனா: தாயையும் சேயையும் காப்போம்

கொரோனாவின் காலம் முடிந்துவிட்டது என்றே எம்மில் பலர் எண்ணுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் திகதி உலக அவசர நிலையை நீக்கியது உண்மைதான். ஆனால் கிருமி எம்மை விட்டுப் போகவில்லை. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒன்று நன்கு தெரியும்: ஒரே கூரையின் கீழ்ப் பலர் படுத்தெழும் இடத்தில் ஒருவரின் இருமல் எல்லோருடைய இருமலாகிவிடும். அங்கே ஒரு கர்ப்பிணித் தாய் இருந்தால் நாம் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும்.

தாய்க்கு என்ன நேரும்?

நோய் தொற்றும் கர்ப்பிணிகளில் பெரும்பாலானோர் சுகமடைகின்றனர். எனினும், மாதம் ஏற ஏறக் கருப்பை மேல்நோக்கி வளர்வதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஒட்சிசன் தேவையோ கூடுகிறது. இரத்தம் உறையும் தன்மையும் கர்ப்ப காலத்தில் அதிகம். ஆகவே நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுகிறது. தடுப்பூசி வருமுன், 2020 இல், 18 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் தொற்றுக் கண்ட 706 தாய்மாரில் 11 பேர் இறந்தனர். தொற்றில்லாத 1424 பேரில் இறந்தவர் ஒருவரே.

சேய்க்கு என்ன நேரும்?

வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கிருமி நேரடியாகத் தொற்றுவது அரிது. ஆபத்து பெரும்பாலும் தாயின் நோய் வழியாகவே வருகிறது. தாய்க்கு மூச்சு முட்டினால் சேய்க்கும் ஒட்சிசன் குறையும். குறைமாதப் பிரசவம் கூடுகிறது. சிலவேளை குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. எனவே தாயைக் காப்பதே சேயைக் காப்பதாகும்.

பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவே வேண்டும். பயத்தால் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது தவறு. தாய்ப்பாலில் நோயை எதிர்க்கும் பொருள்கள் உள்ளன. சுத்தமற்ற நீரில் கரைத்த பால்மா கொரோனாவைவிடப் பெரிய ஆபத்தைத் தரலாம். தாய் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பால் கொடுக்கட்டும். எழ முடியாதவராயின் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான கோப்பையிலிருந்து ஊட்டலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. இருமல், தடிமன் உள்ளவர் கர்ப்பிணியிடமிருந்து விலகிப் படுக்க வேண்டும். கதவு, யன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

2. காய்ச்சல் கண்டால் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அது டெங்குவாகவும் இருக்கலாம். பனடோல் தவிர வேறு மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

3. மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, மயக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்றேனும் கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள். வெருகல், ஈச்சிலம்பற்றிலிருந்து மூதூர்த் தள வைத்தியசாலைக்கு வருவதற்கே நேரம் செல்லும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

4. இலங்கையில் 2021 யூன் மாதம் முதல் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. அதனால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி சேய்க்கும் சென்றடைகிறது. இப்போது மேலும் ஊசி தேவையா என்பதைக் கிளினிக்கில் கேட்டறியுங்கள்.

வயல் வேலை எவ்வளவு இருந்தாலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். கர்ப்பிணியைத் தனியே அனுப்பாமல் கணவரோ மாமியாரோ கூடச் செல்வது நல்லது. அங்கே சொல்லப்படுவதை இருவர் கேட்டால், வீட்டில் அதைச் செய்வதும் இலகுவாகும்.