வண்டியில் யூரியா விளக்கு எரிந்தால்

பூப்பாறை, சாந்தன்பாறை என்று மலைக்குச் சரக்கு ஏற்றிவிட்டு ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் நம் உறுப்பினர்கள் பலர் இப்போது புதிய டீசல் வண்டி வைத்திருக்கிறார்கள். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டிக்கும் அது கிடையாது. இருந்தால், டிரைவர்கள் 'யூரியா' என்றும் கம்பெனிக்காரர்கள் 'டெஃப்' என்றும் சொல்லும் திரவம் ஊற்றும் இடம் அதுதான்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி நாடெங்கும் அமலுக்கு வந்தது. டீசல் என்ஜினின் கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து நச்சு வாயுவாகிறது. சைலன்சர் குழாயில் இத்திரவத்தைத் தெளித்தால் அது அம்மோனியாவாகி, அந்த வாயுவை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. அதில் யூரியா நூற்றுக்கு 32.5 பங்கு, மீதி தாது நீக்கிய தண்ணீர்.

திரவம் குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். இன்னும் இத்தனை கிலோ மீட்டர்தான் என்று பல கார்களில் கணக்கும் காட்டும். "என்ஜின் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று விட்டுவிடக் கூடாது. கணக்கு பூஜ்யத்துக்கு வந்தபின் காரை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஓடும்போது நிற்காது என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். போடிமெட்டில் டீக்கு நிறுத்தினால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். லாரிகளில் இழுவை குறைந்துவிடும். லோடோடு கொண்டை ஊசி வளைவு ஏறும்போது அப்படியானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்தில் திரவம் கூடுதலாகச் செலவாகும். ஆகவே போடியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுவதே புத்தி.

உர வியாபாரம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகவே ஆகாது. 2015 முதல் நம் நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது, தெளிப்பானை அடைத்துவிடும். செலவு பல ஆயிரங்களில் போகும். தவிர, மானிய உரத்தை விவசாயம் அல்லாத வேலைக்குக் கொடுப்பது 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். கடைக்காரர் லைசென்ஸ் போய்விடும் காரியம் இது. வெறும் தண்ணீர் ஊற்றினாலும் சென்சார் கண்டுபிடித்துவிடும்.

கேன் வாங்குவோர் ஐ.எஸ்.ஓ. 22241 என்ற எண்ணையும் தயாரித்த தேதியையும் பார்த்து வாங்கவும். விற்பனைக்கு வைப்போர் வெயில் படாமல் 30 டிகிரிக்குக் கீழ் வைத்தால் சுமார் ஓராண்டு கெடாது. தகரக் கொட்டகையில் அடுக்கினால் அத்தனை நாள் தாங்காது.

நிரப்பியபின்னும் விளக்கு அணையாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஊற்றினால் பல வண்டிகள் கணக்கில் எடுப்பதில்லை. போதுமான அளவு ஊற்றிச் சற்று தூரம் ஓட்டியும் எரிந்தால் அது சென்சார் கோளாறு; மெக்கானிக்கிடம் காட்டவும். தவறி டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் சாவியே போடாமல் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, டேங்க்கைக் காலி செய்து கழுவிய பிறகே எடுக்க வேண்டும்.