ராக்கெட் ரெடி... சாட்டிலைட் ரெடியில்லை!

"இன்னிக்கே அனுப்பிடுப்பா... தப்பு இருந்தா நாளைக்குத் திருத்திக்கலாம்!" - இது நம்ம ஊர் மேனேஜர்களின் வேதவாக்கு. சாட்டிலைட் விஷயத்தில் மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. மேலே போனது போனதுதான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு 500 கிலோமீட்டர் யார் ஏறுவது?

பெங்களூரில் 'பிக்ஸல்' என்று ஒரு கம்பெனி. பிலானி பிட்ஸில் படித்துக்கொண்டிருந்த அவைஸ் அகமது, க்ஷிதிஜ் கண்டேல்வால் என்ற இரண்டு மாணவர்கள் 2019-ல் ஆரம்பித்தது.

இவர்கள் சாட்டிலைட்டின் விசேஷம், அதன் கண். நம்ம கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே நிறங்களில் உலகத்தைப் பார்க்கிறது. இதுவோ, ஒளியை நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய பட்டைகளாக நறுக்கிப் பார்க்கும். 'ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்' என்று பெயர். தண்ணீர் குறைந்தாலோ நோய் தொட்டாலோ, இலை திருப்பி அனுப்பும் ஒளி லேசாக மாறும். நம் கண்ணுக்குப் பச்சைப் பசேலென்று தெரிகிற வயலுக்கு உடம்பு சரியில்லை என்பதை மேலே இருந்தே சொல்லிவிடலாம்.

2021 பிப்ரவரி. முதல் சாட்டிலைட் 'ஆனந்த்', பி.எஸ்.எல்.வி. சி-51-ல் ஏற வேண்டும். ராக்கெட்டில் இடம் பிடிப்பது, பஸ் ஸீட்டில் துண்டு போடுகிற சமாச்சாரமில்லை. அந்த நேரம் பார்த்து, கடைசிச் சோதனையில் சாஃப்ட்வேர் கோளாறு!

எப்படியாவது ஒட்டுப்போட்டு ஏற்றியிருக்கலாம். பையன்கள் செய்யவில்லை. இத்தனை உழைப்பையும் பணத்தையும் கொட்டிவிட்டு அவசரப்படுவது புத்திசாலித்தனமில்லை என்று விலகிக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் தேதி சொன்ன பிறகு பின்வாங்குவது, பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு முகூர்த்தத்தைத் தள்ளிப்போடுகிற மாதிரி. பிப்ரவரி 28-ல் பிரேசிலின் 'அமேஸோனியா-1'-ஐச் சுமந்துகொண்டு ராக்கெட் கிளம்பியது... ஆனந்த் இல்லாமல்.

அப்புறம்? 2022 ஏப்ரலில் 'சகுந்தலா' (கணித மேதை சகுந்தலா தேவியின் பெயர்தான்) ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அதே வருஷம் நவம்பர் 26-ல் ஆனந்த், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-54-ல் ஏறினான். 21 மாசம் லேட்!

லேட்டானதால் குடி முழுகிவிடவில்லை. 2023-ல் கூகுளே முன்நின்று முதலீடு செய்தது. அந்தச் சுற்றில் மொத்தம் 3.6 கோடி டாலர். 2025 ஜனவரியில் மூன்று, ஆகஸ்ட்டில் மூன்று என்று 'ஃபயர்ஃப்ளை' சாட்டிலைட்டுகள் மேலே போயின. ஆறு மின்மினிகள்!

ஆனாலும், எனக்கென்னவோ அன்றைக்கு ஏறாமல் நின்ற ஆனந்தைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. "இன்னும் ரெடியாகலை சார்" என்று சொல்லவும் ஒரு தில் வேண்டும். உங்க மேனேஜரிடம் சொல்லிப் பாருங்களேன்...

இன்க்ரிமென்ட்டுக்கு நான் பொறுப்பல்ல!