கையிலிருந்து கூடத்திற்கு
(கைக்கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் வழிகள்)

கற்றல் நோக்கம்: அறிவியல் செய்தியை விளக்கும் கட்டுரையைப் படித்துப் பொருள் உணர்தல், கருவிகளுக்குரிய தமிழ்ச்சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், இரவீந்திர சரோவர் ஏரிக்கு அருகே, ராஷ்பிஹாரி அவென்யூவில் அமைந்துள்ளது லேக் மார்க்கெட். வாழையிலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், காப்பிப்பொடி ஆகியவை கிடைக்கும் இடமாக இதனை அந்நகரில் வாழும் தமிழர் அறிவர். ஆங்கிலேயர் காலத்தில் வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் கணக்கராகவும் தட்டச்சராகவும் சுருக்கெழுத்தராகவும் பணிபுரிய வந்த தமிழர் பலர் இதனைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியேறினர். அவர்கள் வழிவந்த சிறுவர் சிறுமியர் இன்று பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் வங்காளமும், வீட்டில் தமிழும் பேசி வளர்கின்றனர்.

தமிழைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பு, பல வீடுகளில் தாத்தா பாட்டியரைச் சார்கிறது. அதற்கு உதவும் பாடங்கள் இணையத்தில் உள்ளன. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழரையும் கருத்தில் கொண்டு 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இயங்கும் அந்நிறுவனம், மழலைக் கல்வி முதற்கொண்டு பாடங்களை இணையவழி வழங்குகிறது. ஆயினும், டேப்லெட் எனப்படும் கைக்கணினியின் திரை சிறியது. ஒருவரோ இருவரோதான் அதனை ஒருங்கே பார்க்க இயலும். பார்வை மங்கிய தாத்தாவுக்கு அதிலுள்ள எழுத்துத் தெரிவதில்லை. ‘ல, ழ, ள’ வேறுபாட்டைத் திருத்திச் சொல்ல வல்லவருக்கே பாடம் புலப்படாமல் போய்விடுகிறது.

கைக்கணினியில் தோன்றுவதைக் கூடத்திலுள்ள தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தால் இக்குறை நீங்கும். அதற்கு வழிகள் பல உண்டு; ஆனால் எல்லா வழியும் எல்லாக் கருவிக்கும் பொருந்துவதில்லை. எனவே எதையும் விலைகொடுத்து வாங்குவதற்கு முன், இரு கருவிகளின் செருகுவாய்களையும் பார்த்தறிவதே முதற்பணியாகும்.

தொலைக்காட்சியின் பின்புறம்

கொல்கத்தாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கியது. அதே மாதம் 15ஆம் நாள் சென்னையிலும் தொடங்கியது. அக்காலத்துப் பெட்டிகளுக்கு வானலை வாங்கி வழியாகவே படம் வந்தது. பின்னர் வந்த பெட்டிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று வட்டத் துளைகள் அமைந்தன. மஞ்சள் படத்துக்கு உரியது; வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு உரியவை.

தற்காலப் பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான செருகுவாய் உள்ளது. 2002ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இம்முறையில், படமும் ஒலியும் ஒரே கேபிளில் செல்கின்றன.

இதன் அருகிலேயே யு.எஸ்.பி. செருகுவாயும் காணப்படும். அலைபேசிக்கு மின்னேற்றும் கேபிளால் கைக்கணினியை இங்கு இணைத்தால் படம் வரும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு வருவதில்லை. பெரும்பாலான பெட்டிகளில் இச்செருகுவாய், பென்டிரைவில் உள்ள கோப்புகளைப் படிப்பதற்கே அமைந்தது. கைக்கணினியை இணைத்தால் சிறிதளவு மின்னேற்றம் நிகழலாம், திரை தோன்றாது.

கேபிள் வழி

கைக்கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. செருகுவாய்க்குக் கேபிள் வழியே படத்தை அனுப்புவது உறுதியான முறை. இதற்கு இணையம் தேவையில்லை. படம் தாமதமின்றி வரும்.

இன்றைய கைக்கணினிகள் பலவற்றில் இருப்பது யு.எஸ்.பி. சி என்னும் நீள்வட்டச் செருகுவாய். எப்பக்கம் திருப்பிச் செருகினாலும் இது பொருந்தும். இதனுள் 24 நுண்முனைகள் உள்ளன. ஆயினும் ஒரே வடிவம் கொண்ட செருகுவாய்கள் ஒரே ஆற்றல் கொண்டவை அல்ல. சில கைக்கணினிகள் இதன்வழியே படத்தை வெளியே அனுப்பும். விலை குறைந்தவை பல, மின்னேற்றவும் கோப்புகளை மாற்றவும் மட்டுமே இதனைப் பயன்படுத்தும். வெளித்தோற்றத்தால் இவ்வேறுபாட்டை அறிய முடியாது. கருவியின் கையேட்டில், ‘டிஸ்ப்ளே போர்ட்’ அல்லது ‘எச்.டி.எம்.ஐ. வெளியீடு’ என்ற குறிப்பு உள்ளதா எனத் தேட வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், சாந்தினி சவுக் கடைத்தெருவில் எவ்வளவு விலை உயர்ந்த கேபிளை வாங்கினாலும் பயன் விளையாது. குறை கேபிளில் இல்லை. படத்தை அனுப்பும் அமைப்பே கருவியினுள் இல்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடு வகைகளில் பழையவை லைட்னிங் என்னும் செருகுவாயும், புதியவை யு.எஸ்.பி. சி செருகுவாயும் கொண்டவை. இரண்டுக்கும் அவ்வவற்றுக்குரிய எச்.டி.எம்.ஐ. இணைப்பி வேண்டும்.

வீட்டில் இருப்பது மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டுமே கொண்ட பழைய பெட்டியாயின், எச்.டி.எம்.ஐ. குறிப்பை அத்துளைகளுக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் சிறுபெட்டி ஒன்று இடையில் தேவைப்படும். படம் தோன்றும், ஆனால் நுண்ணிய எழுத்துகள் தெளிவாகத் தெரியா.

காற்றின் வழி

கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் கலைக்கும் கொல்கத்தாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஜகதீஷ் சந்திர போஸ், 1895ஆம் ஆண்டில் இந்நகரில் மக்கள் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் நிகழ்த்தினார். கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்றச் செய்தார். இடையில் கம்பி இல்லை. அவர் ஆராய்ந்த அலைகளுள் சிலவற்றின் நீளம் சில மில்லிமீட்டர்களே.

வீடுகளில் இன்று பயன்படும் வைஃபையும் மின்காந்த அலையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும். பின்னது மிகுதியான தகவலை விரைவாகச் சுமக்கும். தடித்த செங்கற்சுவரைக் கடக்கையில் வலுவிழக்கும்.

இவ்வலைகளைக் கொண்டு படத்தை அனுப்பும் முறைகள் இரண்டு.

முதலாவது, திரைப் பிரதிபலிப்பு. கைக்கணினியில் தோன்றுவதெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல் தொலைக்காட்சியிலும் தோன்றும். 2012ஆம் ஆண்டில் அறிமுகமான மிராகாஸ்ட் இவ்வகையைச் சார்ந்தது. இரு கருவிகளும் நேரடியாகவே பேசிக்கொள்வதால் ரூட்டரும் இணையமும் இல்லாமலே இது இயங்கும். ஆப்பிள் கருவிகளில் ஏர்பிளே என்னும் முறை இப்பணியைச் செய்கிறது.

இரண்டாவது, ‘காஸ்ட்’ எனப்படும் முறை. இதில் கைக்கணினி படத்தை அனுப்புவதில்லை. படம் இருக்கும் முகவரியை மட்டும் தொலைக்காட்சிக்குச் சொல்கிறது. தொலைக்காட்சியோ, அதனுடன் இணைத்த குரோம்காஸ்ட் போன்ற கருவியோ, இணையத்திலிருந்து படத்தைத் தானே பெறுகிறது. கடைக்காரரிடம் பொருளைச் சுமந்து கொடுப்பதற்கும், பொருள் கிடைக்கும் இடத்தை அவருக்கு எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. கைக்கணினி அப்போது தொலையியக்கியாக மட்டும் பணிபுரிவதால், அதில் வேறு வேலையும் செய்யலாம். ஆனால் இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இருத்தல் வேண்டும். இணையமும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். அலைபேசியின் இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்தும் வீடுகளில், ஒளிப்படக் காட்சிகள் அன்றைய தரவு அளவை விரைவில் தீர்த்துவிடும்.

இரண்டுமே இயலாத வீட்டிற்கும் ஒரு வழி உண்டு. தரவிறக்க இசைவளிக்கப்பட்ட பாடக் காட்சிகளைப் பென்டிரைவில் பதிந்து, தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. செருகுவாயில் செருகினால் போதும்.

எழுத்தின் அளவு

திரை பெரிதானால் எழுத்துத் தெளிவாகும் என்பது முழு உண்மையன்று. 10 அங்குலக் கைக்கணினியின் திரையை 32 அங்குலத் தொலைக்காட்சியில் காட்டினால், 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆகிறது. ஆனால் கைக்கணினியை 40 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் படிப்பவர், தொலைக்காட்சியை 2 மீட்டர் தொலைவில் அமர்ந்து பார்க்கிறார். எழுத்து மூன்று மடங்கு பெரிதாயிற்று. தொலைவோ ஐந்து மடங்கு மிகுந்தது. ஆகவே கண்ணுக்கு அவ்வெழுத்து முன்பைவிடச் சிறியதாகவே தோன்றும்.

இதற்குத் தீர்வு எளிது. கைக்கணினியின் அமைப்புகளில் எழுத்தளவைப் பெரிதாக்க வேண்டும். அல்லது பக்கத்தை இரு விரல்களால் விரித்து, ஒரு வேளையில் நான்கைந்து வரிகள் மட்டும் தோன்றச் செய்ய வேண்டும். நாற்காலியை ஒன்றரை மீட்டர் தொலைவுக்கு நகர்த்துவதும் உதவும். இவற்றைச் செய்தபின்னரே தாத்தாவும் பெயர்த்தியும் ஒரே வரியை ஒருங்கே படிக்க இயலும்.

கவனிக்க வேண்டியவை

1. பிரதிபலிப்பின்போது, வந்து விழும் குறுஞ்செய்திகளும் அனைவர் கண்ணிலும் படும். எனவே அறிவிப்புகளை முன்னரே நிறுத்திவைத்தல் நன்று.
2. அடுக்குமாடிக் குடியிருப்பில், அருகிலுள்ள வீடுகளின் தொலைக்காட்சிப் பெயர்களும் பட்டியலில் தோன்றலாம். பெயரைச் சரிபார்த்த பின்பே இணைக்க வேண்டும். தம் தொலைக்காட்சிக்குத் தனிப்பெயர் இட்டுக் கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.
3. திரைப்படச் செயலிகள் சில, படியெடுப்பதைத் தடுக்கும் பொருட்டுப் பிரதிபலிப்பில் கருந்திரையை மட்டும் காட்டும். இது கருவியின் பழுது அன்று.
4. கேபிளை இணைத்தும் படம் வராவிடில், தொலையியக்கியில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பொத்தானை அழுத்தி, உரிய எச்.டி.எம்.ஐ. எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொலைக்காட்சியைச் சின்னத்திரை என்று அழைப்பது தமிழ் வழக்கு. கைக்கணினியின் முன்னோ அது பெரிய திரை. தனித்தனியே குனிந்து பார்த்தோரை அது ஒரே கூடத்தில் அமர்த்துகிறது. கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே எழுத்தைப் பார்க்கும்போதுதான் பிழை திருத்தம் பெறுகிறது. மொழியும் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

அருஞ்சொற்பொருள்

கைக்கணினி – டேப்லெட்
செருகுவாய் – கேபிளைச் செருகும் துளை
இணைப்பி – இருவகைச் செருகுவாய்களைப் பொருத்தும் சிறுகருவி
தொலையியக்கி – ரிமோட்
தரவு – டேட்டா
பெயர்த்தி – பேத்தி
புலப்படுதல் – தெரிதல்

பயிற்சி

அ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. மஞ்சள் துளையும், வெள்ளை சிவப்புத் துளைகளும் எவற்றுக்கு உரியவை?
2. விலை உயர்ந்த கேபிளை வாங்கியும் சில கைக்கணினிகளிலிருந்து படம் வராதது ஏன்?
3. ஜகதீஷ் சந்திர போஸ் 1895இல் செய்து காட்டியது யாது?

ஆ. வேறுபாடு எழுதுக.
திரைப் பிரதிபலிப்பு – காஸ்ட் முறை

இ. பிரித்து எழுதுக.
1. எழுத்தறிவு  2. செங்கற்சுவர்  3. கருந்திரை

ஈ. செயல்பாடு
உம் வீட்டுத் தொலைக்காட்சியின் செருகுவாய்களைப் பெரியோர் துணையுடன் பார்த்து, அவற்றின் படத்தை வரைந்து தமிழில் பெயர் எழுதுக. உம் வீட்டிற்கு ஏற்ற வழி எது என்பதைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதி, தாத்தா அல்லது பாட்டியிடம் படித்துக் காட்டுக.