மின்னேற்றியின் கூடு

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்களுக்கு 2011ஆம் ஆண்டு முதல் விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கணினி முதன்முதலாக அடியெடுத்து வைத்த இல்லங்கள் அவற்றுள் பல. அவ்வாறு வந்த மடிக்கணினி சில வேளைகளில் இயங்காமல் கிடக்கும். கணினியில் குறை இராது. சார்ஜர் என வழங்கும் மின்னேற்றியே பழுதுபட்டிருக்கும். கீழே விழுந்து அதன் கூடு பிளந்திருக்கும். அல்லது வடம் கூட்டைவிட்டு வெளிவரும் இடத்தில் பலமுறை மடங்கி அறுந்திருக்கும். உள்ளிருக்கும் மின்சுற்றோ நன்னிலையில் இருக்கக்கூடும். அதனைத் தூக்கி எறிவோரும் உண்டு. ஒட்டுநாடாவைச் சுற்றித் தொடர்ந்து பயன்படுத்துவோரும் உண்டு. முன்னது வீண், பின்னது பேரிடர். இதனை உணரக் கூட்டின் பணியை அறிதல் வேண்டும்.

உள்ளே நிகழ்வது

வீட்டிற்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். மடிக்கணினிக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 19 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். மின்னேற்றியில் உள்ள டையோடுகள் முதலில் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்குகின்றன. 230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு. அதன் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். அந்த உச்ச அழுத்தத்தில் மின்தேக்கி ஒன்று மின்னூட்டம் பெறுகிறது. பின்னர், டிரான்சிஸ்டர் ஒன்று அம்மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கிறது. அத்துணை விரைவாக மாறும் மின்னோட்டத்திற்குச் சிறிய மின்மாற்றியே போதும். மின்னேற்றி கையில் அடங்குவது இதனால்தான். மின்மாற்றியின் இரு சுருள்களுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை. ஆற்றல் காந்தப்புலத்தின் வழியே கடக்கிறது. ஆகவே, ஒரே கூட்டினுள் ஒருபுறம் உயிரைப் பறிக்கவல்ல மின்னழுத்தமும், மறுபுறம் கணினிக்கு உகந்த குறைந்த மின்னழுத்தமும் அருகருகே உள்ளன. மனிதக் கைக்கும் அந்த 325 வோல்ட்டுக்கும் இடையே நிற்பது கூடுதான்.

புதிய கூடு

உடைந்த கூட்டிற்கு மாற்றாக ஒன்றை அமைப்போர் முதலில் பொருளைத் தேர்தல் வேண்டும். அட்டையும் மரமும் தீப்பற்றும். உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். முப்பரிமாண அச்சில் பெரிதும் பயன்படும் பி.எல்.ஏ. நெகிழி ஏறத்தாழ 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். ஒட்டுநாடாவின் பசை வெப்பத்தால் நெகிழ்ந்து, இடைவெளி தோன்றும். தீப்பரவலைத் தடுக்கும் தன்மையுடைய தடித்த நெகிழிப் பெட்டியே தக்கது.

மின்சுற்று வெளியிடும் வெப்பம் பரவுதற்கேற்பப் பெட்டி சற்றுப் பெரிதாக இருத்தல் நலம். விரலோ, ஊசியோ, நீரோ புகத்தக்க துளைகள் கூடா. வடத்தைப் பெட்டியின் சுவரோடு பிடிப்பான் கொண்டு இறுக்குதல் வேண்டும்; அப்போதுதான் வடத்தை இழுக்கும் விசை பற்றாசு வைத்த இணைப்புகளைத் தாக்காது. மின்சுற்றுப் பலகை அசையாதிருத்தலும், கருவியின்றித் திறக்க இயலாதவாறு பெட்டியைத் திருகாணிகளால் மூடுதலும் இன்றியமையாதவை.

செய்யத் தகாதவை

மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அதனைத் தொடுவோர் அதிர்ச்சிக்கு உள்ளாவர். எனவே, மின்னேற்றியைத் திறக்கும் பணியைப் பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரே மேற்கொள்ளல் வேண்டும். மாணவர் தாமே முயலுதல் கூடாது. மின்தேக்கி உப்பியிருந்தாலும், பலகை விரிசல் கண்டிருந்தாலும், கருகிய மணம் வந்தாலும் கூட்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. அத்தகைய மின்னேற்றியை மின்னணுக் கழிவாக ஒப்படைத்தலே முறை.

பழுதுநீக்கலின் பயன்

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் கால் பங்கிற்கும் குறைவாகவே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதெனப் பதிவாகியுள்ளது. ஒரு கூட்டை மாற்றி ஒரு மின்னேற்றியைக் காப்பது அக்கழிவில் சிறு துளியையேனும் குறைக்கும். ஓர் ஏழை மாணவரின் கணினியையும் மீண்டும் இயங்கச் செய்யும். ஆயினும், எதைச் சீர்செய்யலாம், எதை விலக்க வேண்டும் என்று பிரித்தறிவதே பழுதுநீக்கலின் முதற்படி.