கூடத்திற்கு வந்த வகுப்பறை

2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் அடைபட்டபின், பாடம் நம் வீட்டுக் கூடத்திற்கே வந்தது. 2019 ஆகஸ்டில் அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி, வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. கைப்பேசி வாங்க வழியற்ற குடும்பங்களுக்கு அது பேருதவியே. (பெட்டியே இல்லாத குடிசைகளும் உண்டு என்பதை மறப்பதற்கில்லை.)

ஆயினும், கழித்தலில் கடன் வாங்குவது விளங்காத சிறுவன் கையை உயர்த்தினால் பெட்டி நிற்குமா? விளங்கியவனுக்கும் விளங்காதவனுக்கும் அது ஒரே வேகத்தில் ஓடிற்று. அவனருகே அமர்ந்து, "எங்கே தடுக்கிறது?" என்று கேட்கப் பெற்றோராகிய நம்மில் எத்தனை பேர் நேரம் ஒதுக்கினோம்?

பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலைவேளையில், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் நேரில் கற்பித்தார். பெரும்பாலோர் பெண்கள். பிள்ளை தடுமாறிய இடத்தில் அவர்களால் நிற்க முடிந்தது.