மாறும் பொழுதுபோக்கும் வாழ்நாள் ஈடுபாடும்

பொழுதுபோக்கை அடிக்கடி மாற்றுபவர்களும் உண்டு. ஒன்றையே வாழ்நாள் முழுதும் தொடர்பவர்களும் உண்டு.

சார்லஸ் டார்வின் சிறுவயதில் கனிமங்கள் சேர்த்தார்; வேதியியல் சோதனைகள் செய்தார்; பிறகு வேட்டை; கேம்பிரிட்ஜில் வண்டுகள். மகன் குடும்பத்துக்கே இழுக்கு என்று தந்தை கடிந்துகொண்டார். ஆனால், 1831இல் பீகிள் கப்பலில் புறப்பட்டவருக்கு வேட்டையில் பழகிய கைதான் பறவை மாதிரிகளைச் சேர்க்க உதவியது. மாணவரை ‘எதிலும் நிலைக்காதவன்’ என்று திட்டுவோர் இதைக் கவனிக்கலாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இரண்டாம் வகை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் 1992இல் மறையும்வரை சேகரித்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்தன. சென்னையில் 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அவையே அடித்தளம். ஓரிரு ஆண்டு ஆர்வத்தால் இது நடந்திராது. அரிய நூல் எந்தக் கடைக்கு, எந்த ஆண்டில் வரும் என்பது யாருக்கும் தெரியாதே!